பாண்டியா, மலையாளத்தானா? எல்லையோரப் பேச்சு எந்தக் காதில் எப்படி விழுகிறது

குழித்துறைக்காரர் ஒருவர் திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்ற கடைத்தெருவில் நின்று விலை கேட்டால், இரண்டாவது வாக்கியத்துக்குள் கடைக்காரர் அவரைப் ‘பாண்டி’ என்று, அதாவது தமிழர் என்று கண்டுகொள்வார். அதே ஆள் கோயம்புத்தூரில் வாடகைக்கு வீடு தேடிப் போனால் வீட்டுக்காரம்மா கேட்கிற முதல் கேள்வி, ‘ஏனுங்க, நீங்க மலையாளமா?’ நாக்கு ஒன்றுதான், தொண்டை ஒன்றுதான். அங்கே தமிழாக விழுந்தது இங்கே மலையாளமாக விழுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் இதைச் சந்திக்காத குடும்பமே இருக்காது. வீட்டில் அத்தை மாமா எல்லாம் சேர்ந்தால் சிரித்துக்கொள்ள ஒரு கதையாவது தேறும்.

இந்த இரட்டைப் பெயருக்கு ஒரு தேதி உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையில் ஒரு பகுதியும் வந்தது. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் எல்லாம் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. கோடு தாலுகாக் கணக்கில் விழுந்தது. பேச்சோ தாலுகாக் கணக்கில் மாறுவதில்லை. தோவாளையில் நெல்லைத் தமிழின் வாடை அடிக்கும். தக்கலை தாண்டி மார்த்தாண்டம், களியக்காவிளை என்று மேற்கே போகப் போக சொல்லின் வால் மாறும், ராகம் மாறும், சக்கையும் (பலா) மரச்சீனியும் (மரவள்ளி) பேச்சுக்குள் வரும். ‘என்னுடைய’ என்பது ‘எனக்க’ ஆகும், ‘கிடைச்சுதா’ என்பது ‘கிட்டிச்சா’ ஆகும். எந்த ஊரில் தமிழ் முடிந்து மலையாளம் தொடங்குகிறது என்று கேட்டால் களியக்காவிளை சோதனைச்சாவடியைக் காட்டலாம், அவ்வளவுதான். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக்கூட இன்றைக்கும் கேரள அரசுதான் பராமரிக்கிறது.

ஒரு பேச்சு நமக்கு எப்படிக் கேட்கிறது என்பதில் பாதி பேசுகிறவரின் வாயில் இருக்கிறது, மறுபாதி கேட்கிறவரின் காதில் இருக்கிறது. காது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதில்லை. தன் ஊர்ப் பேச்சிலிருந்து எது விலகி நிற்கிறதோ அதை மட்டும் டக்கென்று பிடிக்கும். சாலைக் கடைக்காரருக்கு ‘வந்தேன்’ என்பதில் உள்ள ‘ஏன்’ உறுத்துகிறது, கோவை அம்மாவுக்கு ‘எனக்க’ உறுத்துகிறது. மற்றதெல்லாம் இரண்டு பேர் காதிலும் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

பக்கத்து நாட்டுக்காரன் பேச்சைப் பற்றிக் குறை சொல்வது நமக்குப் பழைய வழக்கம். வேங்கடத்துக்கு அப்பால் இருந்தவர்களை ‘கல்லா நீண்மொழிக் கதநாய் வடுகர்’ என்கிறது அகநானூறு. படிக்காதவர்கள், நீட்டி நீட்டிப் பேசுகிறவர்கள், கோபக்கார நாய் வைத்திருப்பவர்கள் என்று ஒரே மூச்சில் மூன்று புகார். வடுகர்களும் நம்மைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்கள், பாட்டாக நம் கைக்கு வரவில்லை.

மலையாளத்தைப் பற்றித் தமிழர்கள் சொல்லும் முதல் புகார், ‘மூக்கால பேசுவாங்க’ என்பது. இது வெறும் கேலி என்று தள்ளிவிட முடியாது, உள்ளே சரக்கு இருக்கிறது. நாம் மாங்காய் என்பதை அவர்கள் மாங்ங என்பார்கள். தேங்காய் தேங்ங, மஞ்சள் மஞ்ஞள், கஞ்சி கஞ்ஞி, வந்து என்பது வந்நு. மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் மெல்லினமாகவே கரைந்துவிடுகிறது. மலையாள இலக்கணத்தை வகுத்த ஏ.ஆர். ராஜராஜ வர்மா, தமிழிலிருந்து மலையாளம் விலகிய வழிகளை ஆறாகப் பிரித்தார். 1896இல் முதலில் வெளிவந்து 1917இல் விரிவாகத் திருத்தப்பட்ட கேரள பாணினீயத்தில் அந்த ஆறில் முதலாவதாக இதைத்தான் வைத்தார். அனுநாசிகாதிப்ரசரம் என்று பெயர். மூக்கொலி அளவுக்கு மேல் பரவுவது என்று பொருள். அதாவது மலையாளிகளின் இலக்கணகாரரே ஒப்புக்கொண்ட விஷயம் இது.

வாய்க்குள் நடப்பது என்ன? அண்ணத்தின் பின்புறம் ஒரு மெல்லிய மடல் இருக்கிறது. அது கீழே இறங்கினால் காற்று மூக்கு வழியாகப் போகும், மேலே ஏறினால் மூக்கு அடைபடும். மாங்காய் என்னும்போது ‘ங்’ வரை இறங்கியிருக்கும் மடல் ‘கா’வுக்கு ஏறிவிடும். மாங்ங என்னும்போது ஏறாமல் அப்படியே தொங்கும், மூக்குவழி கூடுதல் நேரம் திறந்திருக்கும். ஆகவே நம் காது பொய் சொல்லவில்லை. ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. பாம்பு அங்கேயும் பாம்புதான், வண்டி அங்கேயும் வண்டிதான்.

அப்புறம் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒன்று என்பதை நாம் யாரும் பேச்சில் ‘ஒன்று’ என்பதில்லை, ஒண்ணு என்கிறோம். மூன்று மூணு, கன்று கன்னுக்குட்டி, தின்றான் தின்னான். வல்லினத்தைக் கரைக்கும் அதே வேலையை ‘ன்ற’ என்னும் ஒரு கூட்டில் நாமும் செய்துவிட்டு, மற்ற கூட்டுகளில் அவர்கள் செய்யும்போது மட்டும் மூக்கைச் சுட்டிக் காட்டுகிறோம். இன்னொன்று, இதைவிடப் பெரியது. ‘மரம்’ என்று சாதாரணப் பேச்சில் சொல்லிப் பாருங்கள், மேடைப் பேச்சில் அல்ல. கடைசியில் உதடு மூடுகிறதா? மூடாது. ம் என்ற எழுத்து காணாமல் போய், அதற்கு முந்தைய உயிர் மூக்கு வழியாக ஒலித்து முடியும். ‘அவன் வந்தான்’ என்பதும் அப்படித்தான். இரண்டு ன்-னும் நாக்கு நுனி மேலே தொடாமலே முடிந்துவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். மலையாளி ‘மரம்’ என்று சொல்லும்போது உதடு ஒட்டி ம் சுத்தமாக விழும். ஆக, சொல்லின் நடுவில் மூக்கால் பேசுகிறவர்கள் அவர்கள், சொல்லின் கடைசியில் மூக்கால் பேசுகிறவர்கள் நாம். நம் மூக்கு நமக்குக் கேட்பதில்லை. தமிழ்ப் பேச்சைப் புதிதாகப் பழகும் வெளியூர்க்காரர்களிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

காதும் எழுத்தும் ஒத்துப்போகாத இன்னொரு இடம் ந, ன. பள்ளிக்கூடத்தில் தந்நகரம், றன்னகரம் என்று படித்து இரண்டு எழுத்தையும் சரியாக எழுதுகிறோம். பேச்சில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒரே ஒலி. மலையாளத்தில் தலைகீழ்: இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான், ஆனால் வாயில் வேறுபாடு உயிரோடு இருக்கிறது. ‘நனயுக’ என்ற சொல்லில் ஒரே எழுத்தை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதுவார்கள். முதலாவதைப் பல்லில் நாக்கை வைத்தும், இரண்டாவதை ஈறுக்கு மேலே வைத்தும் சொல்வார்கள். நாம் ‘நனைய’ என்று இரண்டு எழுத்து எழுதி ஒரே மாதிரி வாசிக்கிறோம். ழகரக் கதையும் கிட்டத்தட்ட இதேதான். தமிழுக்கே உரிய சிறப்பு ழகரம் என்று மேடையில் முழங்குவோம். தென்மாவட்டங்களில் மழை ‘மளை’யாகி நாளாயிற்று, சென்னையின் சில பேச்சுகளில் பழம் ‘பயம்’ ஆகிறது. ஆலப்புழைக்காரரும் கோழிக்கோட்டுக்காரரும் தங்கள் ஊர்ப் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ழகரம் பிசகாமல் சொல்வார்கள்.

அந்த ஊர்ப் பெயர்கள் வெளியார் காதில் என்ன பாடுபட்டன என்பது தனி வேடிக்கை. கடல் வழியாக வந்தவர்களின் காதில் கோழிக்கோடு ‘காலிகட்’ ஆனது, ஆலப்புழை ‘ஆலப்பி’ ஆனது, பாலக்காடு ‘பால்காட்’, திருவனந்தபுரம் ‘ட்ரிவாண்ட்ரம்’, நம் தூத்துக்குடி ‘டூட்டிகொரின்’. வேண்டுமென்றே சிதைத்தார்கள் என்று நினைக்கத் தேவையில்லை. தங்கள் மொழியில் எந்த ஒலிக்கு இடம் இருந்ததோ அந்த ஒலியாகத்தான் அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

இது எப்போது நிலைபெறுகிறது என்பதற்கு நல்ல விடை இருக்கிறது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் கனடாவில் செய்த ஆய்வு 1984இல் வெளியானது. இந்தியில் உள்ள த, ட ஒலிகளின் வேறுபாட்டை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளால் உணர முடிகிறதா என்று பார்த்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளுக்கு முடிந்தது. 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. முதல் பிறந்தநாள் கேக் வெட்டுவதற்குள் காது தன் மொழிக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுகிறது. புலி, புளி என்று நாம் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் வெள்ளைக்காரருக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்பது இதனால்தான். அவர் கவனக்குறைவானவர் அல்ல. அவர் காதில் அந்த இரண்டுக்கும் ஒரே பெட்டி.

எல்லையோரக் குழந்தைக்கு இங்கே ஒரு வசதி. பாட்டி ஒரு மாதிரிப் பேசுவார், பக்கத்து வீட்டு மலையாள அம்மா வேறு மாதிரிப் பேசுவார், டிவியில் திருவனந்தபுரம் அலைவரிசையும் ஓடும், சென்னை அலைவரிசையும் ஓடும். மலையாளத்தைப் பேசாதவர்கள்கூட அதன் ஒலிகளைக் காதில் வைத்திருப்பது இப்படித்தான். மதுரைக்காரர் முப்பது வயதில் கேரளத்துக்கு வேலைக்குப் போய்த் திணறும் இடத்தில் விளவங்கோட்டுப் பையன் திணறுவதில்லை. அவனுக்கு மொழி தெரியும் என்பதைவிட ஒலி பழகியிருக்கிறது என்பது சரி.

இரண்டாவது புகார் வேகம். ‘மலையாளத்தான் பேசினா ரயில் போற மாதிரி இருக்கும், ஒண்ணும் புடிபடாது.’ மலையாளியைக் கேட்டால், பாண்டிக்காரன்தான் படபடவென்று பேசுகிறான் என்பார். இருவர் சொல்வதும் எப்படி உண்மையாக முடியும்? தெரியாத மொழி எதுவும் வேகமாகத்தான் கேட்கும். பேச்சில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி கிடையாது, எழுத்தில்தான் உண்டு. தெரிந்த மொழியைக் கேட்கும்போது இடைவெளியை நாமே போட்டுக்கொள்கிறோம். தெரியாத மொழியில் போடத் தெரியாததால், நிற்காத ஒரே ஓட்டமாக விழுகிறது. மொழி உளவியலாளர் ஆன் கட்லர் இதற்கு ‘உளறும் அந்நியன்’ மாயை என்று வேடிக்கையாகப் பெயரே வைத்தார்.

அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா பெல்லெக்ரினோ குழுவினர் 2011இல் வெளியிட்ட கணக்கில் ஜப்பானியம் நொடிக்கு 7.84 அசை, ஸ்பானியம் 7.82, ஆங்கிலம் 6.19, மாண்டரின் 5.18. எனவே வேக வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வேகமாக ஓடும் மொழியில் ஒவ்வோர் அசையும் கொஞ்சமாகத்தான் செய்தி சுமக்கும். மெதுவாகப் போகும் மொழியில் அசைக்குச் சுமை அதிகம். 2019இல் அதே வட்டத்து ஆய்வாளர்கள் 17 மொழிகளை எடுத்துப் பார்த்தபோது, எந்த மொழியானாலும் செய்தி போய்ச் சேரும் அளவு நொடிக்கு ஏறத்தாழ 39 பிட் (செய்தியை அளக்கும் அலகு) என்ற இடத்தில் வந்து நின்றது. அந்தப் பட்டியலில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை என்பது என் வருத்தம். தமிழையும் மலையாளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது அளந்தால் களியக்காவிளை டீக்கடைச் சண்டைகளில் ஒன்றாவது தீரும்.

மலையாளம் நம் காதில் ஓட்டமாக விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்பது என் கணிப்பு. தமிழ் வினைச்சொல்லின் முடிவில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்: வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார்கள். நம் காது அந்த வாலுக்காகக் காத்திருந்து, அங்கே ஒரு வாக்கியத்தை முடித்துக்கொள்ளும். மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு. ராஜராஜ வர்மா சொன்ன ஆறில் இதுவும் ஒன்று. வால் வராததால் வாக்கியம் முடிந்ததா இல்லையா என்று நமக்குத் தெரிவதில்லை, அதற்குள் அடுத்தது ஓடி வந்துவிடுகிறது. மலையாளிக்கோ நம் வால் தேவையில்லாத ஓசை. அதனால்தான் அங்கே தமிழைக் கேலி செய்து பேசிக் காட்டுகிறவர்கள் எல்லாச் சொல்லுக்கும் ஓர் ஆன், ஓர் ஆங்க ஒட்டிவிடுவார்கள். நாம் மலையாளத்தைப் பேசிக் காட்டும்போது எல்லாச் சொல்லையும் வெட்டி ஓர் ‘ஆ’வை இழுத்து முடிப்போம். இரண்டு கேலியிலும் இலக்கணம் சரியாகவே இருக்கிறது, கேலி செய்கிறவர்களுக்கு அது தெரியாது.

ராகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாப் பேச்சிலும் குரல் ஏறி இறங்கும். நம் ஊர் ஏற்ற இறக்கம் நமக்குச் சமதரையாகத் தெரியும், அடுத்த ஊருடையது பாட்டாகக் கேட்கும். திருச்சூர்க்காரர்கள் இழுத்துப் பாடுவதாகத் திருவனந்தபுரத்துக்காரர்கள் சொல்வார்கள். நாகர்கோவில்காரர்கள் பாடுவதாக மதுரைக்காரர்கள் சொல்வார்கள். மதுரைக்காரர்களைப் பற்றி நாகர்கோவிலில் சொல்வது, ‘எப்பப் பார்த்தாலும் சண்டைக்கு நிக்க மாதிரியில்லா பேசுகானுவோ.’

வடக்கு எல்லையில் இதே கதை வேறு உருவத்தில் நடக்கிறது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது, சித்தூர் ஆந்திராவிலேயே இருந்துவிட்டது. (இது வேறு சித்தூர், மேலே சொன்னது பாலக்காட்டுச் சித்தூர். எல்லையில் ஊர்ப் பெயர்கூட இரண்டு பக்கமும் இருக்கும்.) தெலுங்கர்கள் எல்லாச் சொல்லிலும் ‘உ’ போடுவார்கள் என்று நாம் சொல்வோம். பேச்சில் நாமும் காரு, பஸ்ஸு, பாலு, ஊரு என்றுதான் சொல்கிறோம். வேறுபாடு உதட்டில். தெலுங்கர் ‘காரு’ என்னும்போது உதடு குவிந்து உகரம் முழுசாக வரும். தமிழில் உதடு குவியாமல் பாதியில் நின்றுவிடும். மலையாளத்திலும் அதே மாதிரி அரை உகரம், அதை எழுத மேலே ஒரு பிறை போடுவார்கள். குறைந்த ஒலியோடு பழகிய காதுக்கு முழு ஒலி மிகையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சித்தூர் பக்கத்துத் தெலுங்கைக் கேட்டால் குண்டூர், விஜயவாடா ஆட்களுக்கு அரவ வாடை, அதாவது தமிழ் வாடை அடிக்கும். அதே சித்தூர்க்காரர் வேலூருக்கு வந்து தமிழ் பேசினால் தெலுங்கு வாடை. குழித்துறைக்காரருக்கு நடப்பது அவருக்கும் நடக்கிறது.

இதுவரை சொன்னது ஒலியைப் பற்றி. ஒலியோடு நின்றிருந்தால் வாடகை வீட்டு வாசலில் யாருக்கும் தொல்லை இல்லை. ஒரு பேச்சைக் கேட்டதும் பேசுகிறவரின் ஊர் தெரிகிறது. ஊர் தெரிந்ததும், அந்த ஊர்க்காரர்களைப் பற்றி நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் அபிப்பிராயம் முழுவதும் அந்தக் குரலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இதைக் கையும் களவுமாகப் பிடித்தவர் உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட். 1960இல் மாண்ட்ரியல் நகரத்தில், இரு மொழியும் சரளமாகப் பேசுகிறவர்களை ஒரே பகுதியை ஒரு முறை பிரெஞ்சிலும் ஒரு முறை ஆங்கிலத்திலும் படிக்கவைத்துப் பதிவு செய்தார். கேட்ட மாணவர்களுக்கு எல்லாமே வேறு வேறு ஆட்கள் என்று நினைப்பு. ஆங்கிலத்தில் பேசியபோது அதே ஆளுக்கு அறிவும் நம்பகமும் அதிகம் என்று மதிப்பெண் போட்டார்கள். ஆங்கிலேய வீட்டுப் பிள்ளைகள் அப்படிப் போட்டதில் ஆச்சரியமில்லை. பிரெஞ்சு வீட்டுப் பிள்ளைகளும் தங்கள் மொழிக் குரலுக்குக் குறைத்தே போட்டார்கள், அதுதான் அதிர்ச்சி.

அந்தக் கடைசி விஷயம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். சென்னையில் கல்லூரியில் சேரும் பிள்ளைகள் ஒரே பருவத்துக்குள் ‘எனக்க’வை விட்டுவிடுகிறார்கள். விடுமுறைக்கு வந்து, வீட்டில் அம்மா போனில் சத்தமாகப் பேசினால் கூச்சப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் நேர்முகத் தேர்வுக்குப் போன இடத்தில், ‘தமிழ் எங்க கத்துக்கிட்டீங்க?’ என்று கேட்டார்களாம். பாராட்டாகத்தான் கேட்டார்கள் என்பது இன்னும் கொடுமை. அவளுடைய அப்பா தமிழாசிரியர்.

குரலே மாறாமல் காது மட்டும் மாறும் என்பதையும் நிரூபித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் 1992இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே விரிவுரைப் பதிவை மாணவர்களுக்குப் போட்டார்கள். பேசியவர் சுத்தமான அமெரிக்க உச்சரிப்புக்காரர். சிலருக்கு வெள்ளை இனப் பெண்ணின் படத்தையும், சிலருக்கு ஆசிய முகம் கொண்ட பெண்ணின் படத்தையும் காட்டினார்கள். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்கு இல்லாத வெளிநாட்டு உச்சரிப்பு கேட்டது, பாடமும் குறைவாகவே மனத்தில் நின்றது. குமரி மாவட்டத்து வண்டிப் பதிவு எண்களில் ஒன்றான 74ஐப் பார்த்துவிட்டு ஓட்டுநரின் பேச்சில் மலையாளத்தைத் தேடுகிறவர்களும் அந்த மாணவர்களுக்குச் சொந்தக்காரர்கள்தான்.

எல்லாமே வெறுப்பால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஷிரி லெவ்-ஆரி, போவாஸ் கெய்சார் இருவரும் 2010இல் ஒன்று காட்டினார்கள். ‘ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி அதிக நாள் தண்ணீர் இல்லாமல் இருக்கும்’ என்பது போன்ற தகவல்களை அந்நிய உச்சரிப்பில் கேட்டவர்கள், உள்ளூர் உச்சரிப்பில் கேட்டவர்களைவிடக் குறைவாக நம்பினார்கள். பேசுகிறவர் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார், அவ்வளவுதான் என்று சொன்ன பிறகும் அப்படியே. காரணம் சாதாரணமானது: புரிந்துகொள்ளக் கொஞ்சம் சிரமப்பட்டால், அந்தச் சிரமத்தை மூளை சந்தேகமாக எடுத்துக்கொள்கிறது. மருத்துவமனையில் மலையாளத் தமிழில் நர்ஸ் சொல்லும் மாத்திரைக் கணக்கை, வெளியே வந்து மருந்துக் கடைக்காரரிடம் இன்னொரு முறை கேட்டு உறுதி செய்கிற ஆட்கள் நம்மில் எத்தனை பேர்!

சரி, இனிமை? மலையாளம் இனிமை, தெலுங்கு அதைவிட இனிமை என்று தமிழர்களே சொல்வதுண்டு. தெலுங்கு விஷயத்தில் தியாகராஜருக்குப் பெரும்பங்கு உண்டு. காவிரிக் கரையில் திருவையாற்றில் இருந்துகொண்டு அவர் தெலுங்கில் பாடியதால், தெலுங்கு நம் காதில் பேச்சாக விழுவதற்கு முன்பே கீர்த்தனையாக விழுந்துவிட்டது. சொல்லுக்குச் சொல் உயிரில் முடிவதால் சுரத்தை நீட்டவும் வசதி. ஆனால் ஒலி மட்டும் ஒரு மொழியை இனிமையாக்குமா என்று சோதித்தபோது பதில் ‘இல்லை’ என்ற பக்கம்தான் சாய்ந்தது. ஆந்த்ரே அனிகின் குழுவினர் 2023இல் 228 மொழிகளின் பதிவுகளை, ஆங்கிலம், சீனம், செமிட்டிய மொழிகள் (அரபு, ஹீப்ரு போன்றவை) பேசும் 820 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். இயல்பிலேயே அழகான மொழி என்று எதையும் தனியே பிரித்துக் காட்ட முடியவில்லை. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது என்று தோன்றிய மொழிக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது.

பழக்கம் எவ்வளவு சீக்கிரம் வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். கான்ஸ்டன்ஸ் கிளார்க், மெரில் காரெட் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நிய உச்சரிப்பில் பேசும் ஆளைக் கேட்கும்போது முதலில் தடுமாறும் காது, ஒரு நிமிடத்துக்குள்ளேயே பெருமளவு சமாளித்துக்கொள்கிறது. ஒரு நிமிடம்! வருஷக்கணக்கில் கேட்கிற எல்லையோரக் காதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். களியக்காவிளைச் சந்தையில் வாழைக்குலைக்காரர் பக்கத்தில் சும்மா நின்று பார்க்கலாம். நாகர்கோவில் பஸ்ஸில் வந்திறங்கிய அம்மாவிடம், ‘எவ்வளவு வேணும்க்கா? நல்ல வெளஞ்ச ஏத்தனாக்கும்’ என்பார். பாறசாலையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தவரிடம் திரும்பி, ‘எத்ர வேணம் அண்ணா?’ என்பார். தென் திருவிதாங்கூரில் சேட்டனைவிட அண்ணன்தான் புழக்கம்; வெளியூர்க்காரர்கள் ‘சேட்டா’ என்று கூப்பிட்டு மாட்டிக்கொள்வார்கள். மட்டிப்பழத்தின் விலையை மட்டும் இருவரிடமும் ஒரே மாதிரிதான் சொல்வார். மொழி மாற்றிவிட்டதாக அவருக்கே தெரியாது. ‘மலையாளம் தெரியுமா?’ என்று கேட்டால், ‘பேசினா புரியும், அவ்வளவு வராது’ என்பார், சற்றுமுன் முழுதாக மலையாளத்தில் வியாபாரம் பேசி முடித்த மனிதர்.

மலையாளிகளுக்குத் தமிழ் புரிகிற அளவு தமிழர்களுக்கு மலையாளம் புரிவதில்லை என்பதிலும் மொழி உறவைவிடப் பழக்கமே பெரிய காரணம். பாலக்காட்டிலும் திருவனந்தபுரத்திலும் தமிழ்ப் படங்கள் மொழிமாற்றம் இல்லாமலே தலைமுறை தலைமுறையாக ஓடுகின்றன. நம் பக்கம் மலையாளப் படங்களை எழுத்து ஓடவிட்டுப் பார்க்கும் பழக்கம் பெருகியிருப்பது சமீபத்தில்தான். அந்தப் பழக்கம் வந்த வீடுகளில், ‘மூக்கால பேசுவாங்க’ என்ற பேச்சு குறைந்திருப்பதையும் கவனிக்கிறேன்.

இப்போது இந்தக் கூட்டத்தில் புதிதாக ஒரு காது வந்து சேர்ந்திருக்கிறது: கைப்பேசி. பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதிக்கும் ஓர் ஊர் உண்டு. எந்தப் பேச்சை அதிகம் கேட்டுப் பழகியதோ அதுதான் அதன் ஊர். அமெரிக்காவில் 2020இல் ஐந்து பெரிய நிறுவனங்களின் குரல் உணர் கருவிகளைச் சோதித்த ஆய்வில், வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு 19 சொல் பிழையென்றால், கறுப்பினத்தவர் பேச்சில் 35 சொல் பிழையாயிற்று. நம் ஊரில் அப்படி யாரும் அளந்து நான் பார்க்கவில்லை, ஆனால் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ‘எனக்க மோனுக்க கல்யாணம்’ (என் மகனுடைய கல்யாணம்) என்று சொன்னால் என் கைப்பேசி ‘எனக்கு’ என்று தொடங்கிவிட்டு, அடுத்த சொல்லில் தடுமாறும். மனிதக் காது ஒரு நிமிடத்தில் செய்கிற வேலையை அது இன்னும் செய்யவில்லை. விளவங்கோட்டில் வயதானவர்கள் அதோடு மல்லுக்கட்டுவதில்லை. வாட்ஸ்அப்பில் மைக் பொத்தானை அழுத்திப் பிடித்து, சொல்ல வேண்டியதைக் குரலாகவே அனுப்பிவிடுகிறார்கள்.